வீட்டு மீடியா சர்வர்: அசெம்பிள் செய்வதா, ரெடிமேட் பெட்டி வாங்குவதா?

கேசட்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பத்து நாளாக இதே யோசனை. ஒரு நாள் அசெம்பிள் செய்துவிடலாம் என்று தோன்றுகிறது, மறுநாள் பெட்டியாக வாங்கிப்போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. உங்களிடமே கேட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பவை: குடும்பப் புகைப்படங்களும் வீடியோக்களும் சேர்த்துச் சுமார் 3 டிபி. பெரும்பகுதி அப்பா எடுத்த மினிடிவி கேசட்டுகள். இருநூறு கேசட்டையும் ஃபயர்வயர் கேபிள் வழியாக நானே இறக்கினேன். ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி வருகிறது, சுருக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். அப்புறம், சொந்தமாக வாங்கிய டிவிடி, ப்ளூரே தட்டுகளைப் பிரதியெடுத்தது ஒரு 5 டிபி. எல்லாம் நான்கு எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் சிதறிக் கிடக்கின்றன. எதில் எது இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது.

பார்ப்பவர்கள்: ஹால் டிவி ஒன்று, போன் மூன்று, லேப்டாப் ஒன்று. ஒரே நேரத்தில் அதிகபட்சம் மூன்று பேர்.

கையில் இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம், கேபினெட்டில் நான்கு டிஸ்குக்கு இடம் உண்டு. லினக்ஸ் ஓரளவு தெரியும். கமாண்டைப் பார்த்து அடிப்பேன், தப்பு வந்தால் தேடிச் சரிசெய்வேன்.

என் முன்னால் இருக்கும் வழிகள்: அந்த டெஸ்க்டாப்பையே சர்வராக்குவது, இன்டெல் என்100 என்ற சின்ன பிராசசர் உள்ள போர்டு வாங்கிப் புதிதாக அசெம்பிள் செய்வது, இல்லையென்றால் நான்கு டிஸ்க் போடும் ரெடிமேட் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி). எது நல்லது?

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நான்கு டிஸ்கில் ஒன்று போன வாரத்திலிருந்து டிக் டிக் என்கிறது. அதனால்தான் இந்த அவசரம்.

---

இரவுப்பணி எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம். அந்த டிக் டிக் டிஸ்கை இப்போதே கழற்றி வையுங்கள். அதில் என்ன இருக்கிறது, வேறெங்காவது பிரதி உண்டா?

தட்டுகளின் பிரதி என்றால் கவலையில்லை, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கேசட் வீடியோ என்றால், கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்று பாருங்கள். எதுவும் இல்லை, இந்த டிஸ்க்தான் ஒரே பிரதி என்றால், நீங்களாக எதையும் முயலாமல் டேட்டா ரிகவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் சரி.

நீங்களே எடுக்கலாம் என்கிற நிலை என்றால், சாதாரணக் காப்பி போடாதீர்கள். படிக்க முடியாத இடம் வந்தால் அது அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்கில் மிச்சமிருக்கும் உயிரும் அந்த முட்டலிலேயே போய்விடும். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இருக்கிறது. சுலபமாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். மேப் ஃபைல் பெயரை மறக்காமல் கொடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது சோர்ஸ், எது டார்கெட் என்று மூன்று முறை பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். செக்டிஸ்க் மாதிரி ரிப்பேர் எதையும் அதில் ஓட்ட வேண்டாம். அது டிஸ்கில் எழுதும்.

இதை முடித்துவிட்டு வாருங்கள். சர்வர் எங்கும் போய்விடாது.

---

முறுக்காணி எழுதியது:

இரவுப்பணி சொன்னதை முதலில் செய்யுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது இதைப் படியுங்கள்.

என் ஓட்டு அசெம்பிள் செய்வதற்கு. ஆறு வருடமாக நானே சேர்த்த பெட்டிதான் ஓடுகிறது. இதுவரை அதில் மாற்றியவை: ஒரு பவர் சப்ளை, இரண்டு ஃபேன், ஒரு டிஸ்க். பவர் சப்ளை போனது சனிக்கிழமை மாலை. வேறொரு கம்ப்யூட்டரில் இருந்ததைக் கழற்றி மாட்டினேன், இரவுக்குள் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெடிமேட் பெட்டியில் போர்டும் கேபினெட்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். உள்ளே ஒன்று போனால் அவர்கள் தரும்வரை காத்திருக்க வேண்டும். வாரண்டி முடிந்த மாடல் என்றால் காத்திருந்தும் பலனில்லை.

அடுத்தது, அதே காசுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த பெட்டிகளில் ராம் 2 ஜிபி, சிலவற்றில் அதையும் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். பிராசசரும் பழையது. என்100 போட்டால் நான்கு கோர், 6 வாட் டிடிபி (சிப் வெளிவிடும் சூட்டின் அளவு). ஹெச்இவிசி 10 பிட், ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவங்கள் இரண்டையும் ஹார்டுவேரிலேயே பிரித்துக்காட்டும்.

சாஃப்ட்வேரும் உங்கள் விருப்பம். ட்ரூநாஸ் போடலாம், ஓபன்மீடியாவால்ட் போடலாம், வெறும் டெபியன் லினக்ஸ் கூடப் போதும். நாளைக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் டிஸ்கைத் தொடாமல் இன்னொன்றுக்குப் போகலாம்.

அந்த ஐ5 டெஸ்க்டாப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

---

இரவுப்பணி எழுதியது:

முறுக்காணி சொன்ன கணக்கில் பிழை இல்லை. அதே காசுக்கு அசெம்பிள் செய்ததுதான் வேகமான பெட்டி, எனக்கும் அதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் நான் வீட்டில் வைத்திருப்பது ரெடிமேட் பெட்டி. பகல் முழுக்க, பல நாள் இரவிலும், சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வேலைக்காக வெளியூரில் இருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன். "உன் பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை." முன்பக்கம் என்ன தெரிகிறது என்று கேட்டேன். நான்கு விளக்கில் மூன்று பச்சை, மூன்றாவது இடத்தில் ஆரஞ்சு. அதுதான் போன டிஸ்க். மேஜை அடி டிராயரில் புது டிஸ்க் ஒன்று பிரிக்காமல் இருந்தது. போனிலேயே சொன்னேன்: ஆரஞ்சு விளக்கு எரிகிற டிரேயை அழுத்தி வெளியே இழு, பழையதை எடு, புதியதை வை, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பட்டையை டிக் என்று மாட்டு, உள்ளே தள்ளு. பெட்டியை நிறுத்தக்கூட இல்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். மிச்சத்தை நான் லேப்டாப்பிலிருந்து பார்த்துக்கொண்டேன். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பிரவுசர் மட்டும்தான்.

இதையே அசெம்பிள் செய்த பெட்டியில் நினைத்துப் பாருங்கள். சைடு பேனலைக் கழற்ற வேண்டும். நான்கு டிஸ்கும் ஒரே மாதிரி இருக்கும், எது போனது என்று சீரியல் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் கேபிளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தப்பான டிஸ்கைப் பிடுங்கினால் நல்லதும் போச்சு. எனக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்றைக்கு நான் அங்கே இல்லையே.

கேசட்பெட்டி, இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் யோசியுங்கள். நீங்கள் இரண்டு வாரம் ஊரில் இல்லை, பெட்டி நின்றுவிட்டது. வீட்டில் யார் அதைத் தொடுவார்கள்? "நான் வரும்வரை அப்படியே கிடக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது" என்பது உங்கள் பதில் என்றால் தாராளமாக அசெம்பிள் செய்யுங்கள். அது நியாயமான பதில்தான். வீட்டில் இருப்பவர்கள் தினமும் அதை நம்பியிருப்பார்கள் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

---

கேசட்பெட்டி எழுதியது:

டிஸ்கை அன்றைக்கே கழற்றிவிட்டேன். இருந்தது பெரும்பாலும் தட்டுகளின் பிரதி, கூடவே 31 கேசட் வீடியோக்கள். கேசட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, கேமராவும் ஓடுகிறது. அதனால் நானே டிடிரெஸ்க்யூ போட்டேன். முதல் சுற்றிலேயே 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. இப்போது மிச்சத்தை மெல்ல எடுத்துக்கொண்டிருக்கிறது. இரவுப்பணி அண்ணா, மனசார நன்றி. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் சாதாரணமாகக் காப்பி போட்டிருப்பேன்.

உங்கள் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஹால் டிவியில் அதிகம் பார்ப்பது அம்மாதான், அதுவும் அப்பா எடுத்த வீடியோக்களை. நான் மாதத்தில் ஒரு வாரம் வெளியூரில் இருப்பேன்.

இன்னொன்று. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் இருந்தது, பழைய டெஸ்க்டாப்பை அளந்தேன். இரண்டு டிஸ்க் மாட்டி, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 52 வாட். இது அதிகமா?

---

பழைய_ரேடியோ எழுதியது:

அதிகம்தான். இப்படிக் கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 8,760 மணி நேரம். இரவு பகலாக ஓடுகிற ஒவ்வொரு வாட்டும் வருடத்துக்கு 8.76 யூனிட். உங்கள் 52 வாட் சுமார் 455 யூனிட் ஆகிறது. சர்வரை ஐந்து வருடம் ஓட்டுவீர்கள் என்றால், "சும்மா கிடந்ததுதானே" என்று எடுத்த டெஸ்க்டாப் 2,275 யூனிட் குடித்திருக்கும். உங்கள் கட்டணத்தால் பெருக்கி, புதுப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் பெட்டி நான்கு டிஸ்கும் சுழலும்போது 32 வாட். டிஸ்க் ஒவ்வொன்றும் 5 முதல் 8 வாட் எடுக்கும், அதை எந்தப் பெட்டியில் வைத்தாலும் குறைக்க முடியாது. அதனால் நான்கு சின்ன டிஸ்கைவிட இரண்டு பெரிய டிஸ்க் மேல். சத்தமும் சூடும் குறையும்.

அசெம்பிள் செய்பவர்கள் சறுக்கும் இடம் பவர் சப்ளை. 20 வாட் எடுக்கிற சர்வருக்கு 650 வாட் சப்ளை போட்டால், அவ்வளவு குறைந்த சுமையில் அதன் திறன் மோசமாக இருக்கும். சின்னதாக, தரமானதாகப் போடுங்கள். ரொம்பவும் சின்னதாகவும் போகக் கூடாது. டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

---

நீலப்பறவை எழுதியது:

எல்லோரும் பிராசசரைப் பற்றிப் பேசுகிறீர்கள். டிரான்ஸ்கோடிங் (டிவிக்குப் புரியும் வடிவத்துக்கு வீடியோவை ஓடும்போதே மாற்றுவது) உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

டிவி அந்த ஃபைலை அப்படியே பிரித்துக்காட்டும் என்றால் சர்வருக்கு வேலையே இல்லை, ஃபைலைத் தூக்கிக் கொடுத்தால் போதும். 4கே ப்ளூரேயின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட்தான். கிகாபிட் வயரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தாலும் பாதிகூட நிறையாது. இதற்கு எந்தப் பெட்டியும் போதும், பத்து வருடப் பழசு உட்பட.

சிக்கல் வேறு இடங்களில் வரும். டிவிக்குத் தெரியாத ஆடியோ, படமாகப் பதிந்த ப்ளூரே சப்டைட்டில், வீட்டுக்கு வெளியே போனில் பார்ப்பது. சப்டைட்டில்தான் பலரும் எதிர்பார்க்காத இடம். எழுத்தாக இருந்தால் டிவியே காட்டிவிடும். படமாக இருந்தால் பல டிவிகளில் அதை வீடியோவோடு சேர்த்து மறுபடி என்கோட் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சப்டைட்டிலை ஆன் செய்ததும் படம் திணறுகிறது என்றால் காரணம் இதுதான்.

உங்கள் ஐ5 நான்காம் தலைமுறைக்கு ஹெச்.264 பழக்கம், ஹெச்இவிசிக்கு ஹார்டுவேர் கிடையாது. ஹெச்இவிசி 10 பிட் வேண்டுமென்றால் இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் முழுதாக வரும். மினிடிவி கேசட்டும் ஒரு பிரச்சினை. அதில் இருக்கும் டிவி (DV) வீடியோ ஃபார்மட்டைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் அப்படியே ஓட்டாது. பார்ப்பதற்கு என்று ஹெச்.264இல் தனிப் பிரதி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். அம்மா பார்ப்பது அந்தப் பிரதியை.

என் வீட்டில் சேமிப்பது வேறு, ஓட்டுவது வேறு. ஒரு பெட்டி ஃபைலை மட்டும் வைத்திருக்கும். பக்கத்தில் கையளவு என்100 மினி பிசி ஒன்று ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் சாஃப்ட்வேரை ஓட்டுகிறது. சும்மா இருக்கும்போது 7 வாட். அது கெட்டுப்போனால் தூக்கிப்போட்டு வேறு வாங்கலாம், ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. ரெடிமேட் பெட்டிக்குள்ளேயே வரும் வீடியோ ஆப்பை நம்பவும் எனக்கு மனமில்லை. 2024இல் சினாலஜி கம்பெனிப் பெட்டிகளின் சாஃப்ட்வேரான டிஎஸ்எம் 7.2.2 வந்தபோது வீடியோ ஸ்டேஷன் ஆப்பையே எடுத்துவிட்டார்கள். அதையே பழகியிருந்தவர்கள் பாவம், வேறு தேட வேண்டியதாகிவிட்டது.

---

முறுக்காணி எழுதியது:

நீலப்பறவை தொட்ட இடம்தான் எனக்கு எப்போதும் உறுத்துவது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் என்ன இருக்கும், என்ன போகும் என்று வேறொருவர் முடிவெடுக்கிறார். 2025இல் சினாலஜி புதிய ப்ளஸ் மாடல்களில் தங்கள் பட்டியலில் உள்ள டிஸ்க் மட்டும்தான் என்றார்கள். எதிர்ப்பு வந்தபின் அதே வருடம் அக்டோபரில் தளர்த்தினார்கள். தளர்த்தியது நல்லது. ஆனால் அந்தச் சில மாதங்களில் டிஸ்க் போய், கடையில் கிடைத்ததை வாங்கிவந்தவரின் நிலை என்ன?

இன்டர்நெட்டில் திறந்துவைத்த பெட்டிகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் கியூநாப் கம்பெனிப் பெட்டிகளில் இருந்த ஃபைல்களை, பணம் பறிக்கும் டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டியது. எல்லாரிடமும் ஒரே சாஃப்ட்வேர் என்றால் ஒரு ஓட்டை எல்லார் வீட்டுக்கும் வழி.

அசெம்பிள் பக்கம் இருந்த பெரிய குறையும் இப்போது தீர்ந்துவிட்டது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில், பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு இசட் கட்டியபின் ஒரு டிஸ்க் மட்டும் சேர்க்க முடியாமல் இருந்தது. 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இல் அது முடியும்.

---

இரவுப்பணி எழுதியது:

ஓட்டை விஷயத்தில் அசெம்பிள் செய்தாலும் தப்ப முடியாது நண்பரே. மூன்று வருடம் அப்டேட் செய்யாத டெபியனை இன்டர்நெட்டில் திறந்துவைத்தால் அதுவும் போகும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள், போர்ட்டைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள்.

பெட்டி வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் ஓரளவுக்கு மேல் வேண்டாம். சினாலஜி டிஸ்குகளைச் சேர்க்கும் எஸ்ஹெச்ஆர் முறை என்பது உள்ளே லினக்ஸின் எம்டிஏடிஎம், எல்விஎம் கருவிகள்தான். பெட்டி செத்துவிட்டால் டிஸ்குகளை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைலை எடுக்கலாம், வழியை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கும் முன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதைக் கேளுங்கள்: உங்கள் பெட்டி இல்லாமல் என் டிஸ்கைப் படிக்க முடியுமா?

ரெய்டு, அதாவது பல டிஸ்கை ஒன்றாகச் சேர்ப்பது பற்றி. உங்களுக்கு 8 டிபி இருக்கிறது. மூன்று, நான்கு டிஸ்கில் ரெய்டு 5 எல்லாம் வேண்டாம். 12 டிபி இரண்டு வாங்கி மிர்ரர் போடுங்கள். ஒன்று போனால் இன்னொன்றில் முழுதாக இருக்கும். ரெய்டு 5இல் ஒன்று போனால் மற்ற எல்லா டிஸ்கையும் தலை முதல் கால் வரை படித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். 12 டிபியை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் படித்தாலே பதினாறரை மணி நேரத்துக்கு மேல். அதே வயதுடைய, அதே நாளில் வாங்கிய டிஸ்குகள் அந்த நேரம் முழுக்க உழைக்கின்றன.

இரண்டு டிஸ்கையும் வேறு வேறு நாளில், முடிந்தால் வேறு கடையில் வாங்குங்கள். சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும்) வகைதானா என்று மாடல் நம்பரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் எழுத எழுத மந்தமாகும், ரெய்டைத் திரும்பக் கட்டும்போது அதில் மாட்டிக்கொண்டால் நாள்கணக்கில் இழுக்கும்.

மிர்ரர் பேக்கப் ஆகாது. ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். பெட்டிக்கு என்று ஒதுக்கிய காசில் முதலில் பேக்கப் டிஸ்கை வாங்குங்கள். மிச்சத்தில் எது முடிகிறதோ அதுதான் உங்கள் சர்வர்.

---

புதுப்பாடம் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். இசட்எஃப்எஸ் போட்டால் 1 டிபிக்கு 1 ஜிபி ராம் வேண்டும், பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் இல்லாமல் போட்டால் டேட்டா போய்விடும் என்கிறார்களே?

---

முறுக்காணி எழுதியது:

அந்த ராம் கணக்கு பெரிய அலுவலகங்களுக்குச் சொன்னது. வீட்டில் படம் பார்க்க 8 ஜிபியில் நன்றாகவே ஓடும், 16 இருந்தால் நிம்மதி. இசிசி இருந்தால் நல்லது, எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் நல்லது. அது இல்லாமல் இசட்எஃப்எஸ் மட்டும் தனியாக ஆபத்தாகிவிடாது. அசெம்பிள் செய்ததும் டிஸ்க் மாட்டும் முன், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓட்டுங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டு, எந்த டிஸ்க் கெட்டது என்று இரண்டு வாரம் தேடினேன். கெட்டிருந்தது ராம்.

---

ஒட்டுநாடா எழுதியது:

அசெம்பிள் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு சின்ன விஷயம், இரண்டும் நான் பட்டது.

எக்ஸ்டர்னல் பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்கை எடுத்து மாட்டினேன். உயிரே இல்லை, சுழலவே இல்லை. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்தேன். காரணம் டிஸ்கில் மாட்டும் சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின். புதிய டிஸ்குகள் சிலவற்றில் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் "அணைந்து இரு" என்று அர்த்தம். பழைய பவர் சப்ளை எப்போதும் அதில் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கேப்டன் டேப்பை (Kapton, சூடு தாங்கும் டேப்) அரிசி அகலத்துக்கு வெட்டி, ட்வீசரால் பிடித்து முதல் மூன்று பின்னையும் மூடினேன். மாட்டியதும் சுழன்றது. சாதாரண செலோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும்.

இன்னொன்று, பழைய மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மாதிரி மூடியிருக்கும் மலிவு வகையை வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் நெருங்கிக் கிடந்து உரசிக்கொள்ளும். எனக்கு இரவு இரண்டு மணிக்குக் கருகிய வாடை வந்துதான் எழுந்தேன். கனெக்டர் பழுப்பாகக் குழைந்திருந்தது. டிஸ்க் தப்பித்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. வயர் தனித்தனியாகத் தெரியும் வகையை வாங்குங்கள். பவர் சப்ளையிலேயே போதுமான சாட்டா கனெக்டர் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

---

நீலப்பறவை எழுதியது:

என்100 போர்டு வாங்குபவர்களும் இதைப் பாருங்கள். அந்தச் சிப்பில் டேட்டா போகும் பாதையான பிசிஐஇ லேன் மொத்தமே 9தான். ஆறு சாட்டா போர்ட் என்று போட்டிருந்தால், அவை பெரும்பாலும் ஏஎஸ்எம்1166 மாதிரித் தனிக் கண்ட்ரோலர் வழியாக வருபவை. அது பரவாயில்லை, நன்றாகவே ஓடும். ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிப்ளையர் வைத்துப் பெருக்கிய போர்டுகளைத்தான் தவிர்க்க வேண்டும். ஒரு டிஸ்க் திக்கினால் அந்த வரிசையே திக்கும்.

---

கேசட்பெட்டி எழுதியது:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, என்ன செய்தேன் என்று சொல்ல வந்தேன்.

டிடிரெஸ்க்யூ முடிந்ததும் மூன்று வீடியோக்களில் மட்டும் ஓட்டை இருந்தது. அந்த மூன்று கேசட்டையும் மறுபடி ஓட்டி இறக்கினேன். எல்லாம் முழுதாக இருக்கிறது.

முறுக்காணி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ரெடிமேட் பெட்டி வாங்கிவிட்டேன். நான்கு இடம் உள்ளது, இப்போதைக்கு 12 டிபி இரண்டு மட்டும் மிர்ரரில். நான் வெளியூரில் இருக்கும் அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான். பக்கத்தில் நீலப்பறவை அக்கா சொன்ன மாதிரி என்100 மினி பிசியில் ஜெல்லிஃபின். இரண்டும் சேர்ந்து 27 வாட், வருடத்துக்கு 236 யூனிட் ஆகிறது.

பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப்போடவில்லை. அதில் டெபியன் போட்டு மூன்றாவது 12 டிபி டிஸ்கை மாட்டியிருக்கிறேன். ஞாயிறு காலை தானாக எழுந்து, புதிதாக வந்ததை ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில் இழுத்துக்கொண்டு, அணைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஆறு யூனிட்கூட வரவில்லை. நான் கற்றுக்கொள்கிற இடமும் அதுதான், இசட்எஃப்எஸ்ஸும், அதில் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் அங்கே பழகுகிறேன். கேசட் வீடியோக்களும் புகைப்படங்களும் மட்டும் இன்னொரு டிஸ்கில் தங்கை வீட்டு அலமாரியில்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். அம்மா வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே இரண்டாவது டிஸ்கை வெளியே இழுத்தேன். கை நடுங்கியது. பெட்டி கத்த ஆரம்பித்தது, விளக்கு ஆரஞ்சானது. டிவியில் படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்து, "என்னடா சத்தம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தார். கூப்பிட்டு, எந்த விளக்கு, எந்த டிரே, எப்படி அழுத்துவது என்று காட்டினேன். இரண்டாம் முறை அவரே இழுத்து, அவரே தள்ளினார். திரும்பக் கட்டி முடிய 19 மணி நேரம் ஆனது.

ஒரே ஒரு சந்தேகம். கட்டிக்கொண்டிருக்கும் அந்த 19 மணி நேரமும் பீப் சத்தம் விடவில்லை. அதை நிறுத்தினால் அடுத்த முறை டிஸ்க் போகும்போது கத்தாமல் இருந்துவிடுமா?

---

இரவுப்பணி எழுதியது:

கண்ட்ரோல் பேனலில் "பீப்பை நிறுத்து" என்று ஒரு பட்டன் இருக்கும். அது இப்போது கத்துவதை மட்டும் நிறுத்தும், அடுத்த பழுதுக்கு மறுபடி கத்தும். பீப்பையே அணைத்துவைக்கும் செட்டிங் வேறு இடத்தில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கூடவே மின்னஞ்சல் அறிவிப்பையும் உங்கள் போனுக்குப் போட்டுவிடுங்கள், வெளியூரில் இருந்தால் பீப் கேட்காது.

இழுத்துப் பார்த்தது போதும். இனிமேல் வேண்டாம், கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மிச்சமிருப்பது ஒரு டிஸ்க்தான். அதற்குப் பதில் தங்கை வீட்டு டிஸ்கை ஒருமுறை எடுத்துவந்து, ஏதாவது நான்கு வீடியோவை அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

---

முறுக்காணி எழுதியது:

கோபமெல்லாம் இல்லை. டெஸ்க்டாப்பில் பேக்கப் எடுக்கிறீர்கள் பாருங்கள், அதில் ஆர்சிங்குக்கு டெலீட் ஆப்ஷன் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால், ஒவ்வொரு முறை ஓடும் முன்பும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேருங்கள். பெட்டியில் தவறி அழித்தது ஞாயிறு வந்ததும் அங்கேயும் அழிந்துவிடக் கூடாது. ஸ்கிரிப்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.